மாஸ்டரைக் கேளுங்கள்: கச்சான் காற்றும் 41ஆவது பெயரும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் ஒவ்வொரு ஜூனிலும் இளம் ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் டிராஃப்ட். நம் நேரத்துக்கு அது விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அதைப் பார்க்கத் திருகோணமலையில் இத்தனை பேர் எழும்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் எழும்புகிறவன்தான், வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு. கிரிக்கெட் கேள்விகளுக்கு அடுத்த மாதம் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டிராஃப்ட் என்றால் ஐ.பி.எல். ஏலம் போலவா மாஸ்டர்? காசு கூடக் கொடுக்கிற அணிக்குத்தானா ஆள்? (மூதூர் வாசகர்)

ஏலம் கிடையாது, வரிசைதான். சங்கக்கடை வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன பருவத்தில் அதிகம் தோற்றவர்களை முன்னுக்கு விடுகிற வரிசை. 30 அணிகள், இரண்டு சுற்று, எல்லாமாக 60 பெயர் வரை. முதல் நான்கு இடம் யாருக்கு என்பதற்குத் தோற்ற 14 அணிகளுக்கும் குலுக்கல் போடுவார்கள். முன்னுக்கு வருவதற்காகவே தோற்கிறார்கள் என்று புகார் கூடிப்போய், 2019இல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிட வாய்ப்பை ஒரே அளவாக, 14 வீதமாக ஆக்கினார்கள். அந்தந்த இலக்கம் வரும்போது யாருடைய பெயரைச் சொல்வது என்று தீர்மானிப்பவர் அணியின் பொது முகாமையாளர். பயிற்றுநருக்கு அதில் அபிப்பிராயம் இருக்கலாம், கடைசிச் சொல் அவருடையதல்ல.

கேள்வி: எங்கள் வீட்டில் சண்டை. இளம் ஆட்களைத் தெரிவதில் ஓக்லஹோமா சிற்றி அணியின் முகாமையாளர் சாம் ப்ரெஸ்டியை மிஞ்ச ஆளில்லை, கெவின் டுரான்டை எடுத்தவர் அவர்தானே என்கிறார் அண்ணா. இரண்டாம் இலக்கத்தில் நின்றால் டுரான்டை யாரும் எடுப்பார்கள் என்கிறேன் நான். யார் சரி? (உப்புவெளி, உயர்தர மாணவர்)

இரண்டு பேருக்கும் அரைவாசி என்று சொல்லி நான் தப்பப் போவதில்லை. அண்ணாவின் முடிவு சரி. அதற்குக் காட்டிய சாட்சிதான் பிழை.

2007இல் முதல் இலக்கம் போர்ட்லண்டிடம் இருந்தது. அவர்கள் கிரெக் ஓடன் என்றார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் அடுத்து நின்ற ப்ரெஸ்டிக்கு வேலை முடிந்துவிட்டது. (அணி அப்போது சியாட்டிலில் இருந்தது, 2008இல்தான் ஓக்லஹோமாவுக்குப் போனது.) டுரான்டை அந்த இடத்தில் விட்டுவிடக்கூடிய முகாமையாளர் அன்று இருந்திருக்க மாட்டார். ஆகவே தம்பி, உங்கள் கட்சிப்படி அதற்குப் புள்ளி போட வேண்டாம்.

இனி அடுத்த வருடத்துக்கு வாருங்கள். 2008இல் நான்காம் இலக்கத்தில் ரசல் வெஸ்ட்புரூக். கல்லூரி அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பொறுப்பு பெரும்பாலும் இன்னொருவரிடம் இருந்தது. அப்படிப்பட்ட பெடியனை அந்தப் பொறுப்புக்கென்று அவ்வளவு முன்னுக்கு எடுத்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். அதே இரவு 24இல் சேர்ஜ் இபாக்கா. 2009இல் மூன்றாம் இலக்கத்தில் ஜேம்ஸ் ஹார்டன். டுரான்ட் 2014இலும் வெஸ்ட்புரூக் 2017இலும் ஹார்டன் 2018இலும் அந்தப் பருவத்தின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரர் விருதை வாங்கினார்கள். ஒரே ஆள் மூன்று வருடம் அடுத்தடுத்துச் சொன்ன மூன்று பெயர்கள் அவை. அவற்றில் ஒன்றுகூட முதல் இலக்கமல்ல.

நான் பார்க்கிற முறை இதுதான். அவர் வரிசையில் நின்ற இடத்தில் மற்றவர்கள் நின்றால் வழக்கமாக என்ன அகப்படும்? இரண்டாம் இலக்கத்தில் நின்று நல்ல ஆள் எடுத்தால் அது கடமை. 24இல் நின்றவர்களுக்குக் கிடைக்கும் பெடியள் பலர் முதல் ஒப்பந்தமான நான்கு வருடம் முடிய லீக்கில் இருப்பதில்லை. அங்கே இபாக்காவை எடுத்தவருக்குப் புள்ளி போடலாம். அப்புறம், அவர் பெயர் சொன்ன நேரத்தில் இன்னும் யார் யார் மிச்சம் இருந்தார்கள் என்று பாருங்கள். 2009இல் மினசோட்டாவிடம் ஐந்தும் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் பந்து கொண்டோடுகிறவர்களையே எடுத்தார்கள், ரிக்கி ரூபியோவும் ஜொனி ஃபிளினும். அதே வேலைக்கான இன்னொரு பெடியன் ஏழாம் இலக்கத்தில் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனான்: ஸ்டெஃபன் கரி. ஒரு தரம் விடுவது யாருக்கும் நடக்கும். ஒரே கடையில் ஒரே சாமானை இரண்டு தரம் வாங்கி, இரண்டு தரமும் நல்லதை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் கேள்வி வரும். நியாயத்துக்குச் சொன்னால், ஹார்டனை எடுத்த ப்ரெஸ்டியும் அன்று கரியை விட்டவர்தான். ஆனால் அவர் கையில் இருந்தது ஹார்டன்.

தவறியவற்றையும் எழுதுங்கள். 2010இல் 11ஆம் இலக்கத்து ஆளாக வாங்கிய கோல் ஆல்ட்ரிச் ஓக்லஹோமாவில் நிலைக்கவில்லை. 2020இல் 17ஆம் இலக்கத்து ஏழடி சேர்பியப் பெடியன் பொகுஷெவ்ஸ்கியும் அப்படித்தான். இவற்றை மறைத்துவிட்டு வெற்றிகளை மட்டும் எண்ணினால் எல்லா முகாமையாளரும் மேதாவிதான்.

அதற்குப் பிறகும் ஏன் அண்ணாவின் பக்கம் நிற்கிறேன் என்றால், அந்த மனுசன் அதை இரண்டாம் தரமும் செய்து காட்டினார். பழைய அணி கலைந்த பிறகு, 2022இல் இரண்டாம் இலக்கத்தில் செட் ஹோல்ம்கிரென், 12இல் ஜேலன் வில்லியம்ஸ். அதற்கு முன்பே 2019 டிராஃப்டில் யாரும் பெயர் சொல்லாத லு டோர்ட்டைச் சும்மா கூப்பிட்டு எடுத்திருந்தார்கள். 2025இல் அந்த அணி கிண்ணம் தூக்கியபோது டோர்ட் லீக்கின் சிறந்த ஐந்து தடுப்பாட்டக்காரரில் ஒருவர். கிண்ணத்துக்குப் பெரிய காரணமான ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரை அவர்கள் டிராஃப்டில் எடுக்கவில்லை, 2019இல் போல் ஜோர்ஜைக் கொடுத்து மாற்றி வாங்கினார்கள். அதை வேறு பக்கத்தில் எழுதுங்கள். ஆனால் வில்லியம்ஸை எடுத்த 12ஆம் இலக்கமே அந்த மாற்றில் வந்ததுதான். இப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

அண்ணாவிடம் சொல்லுங்கள், இனிமேல் டுரான்டை விட்டுவிட்டு 12ஆம் இலக்கத்தை வைத்து வாதாடட்டும். நீங்கள் தோற்றுப்போவீர்கள்.

கேள்வி: 1984இல் மைக்கல் ஜோர்டனை விட்டுவிட்டு வேறு ஒருவரை எடுத்த போர்ட்லண்ட்காரரைவிடப் பெரிய மடையர் உண்டா? (உவர்மலை வாசகி)

அம்மா, ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த இரவு ஜோர்டனை முதலில் விட்டது ஹூஸ்டன். முதல் இலக்கம் அவர்களிடம்தான் இருந்தது. அவர்களை யாரும் ஏசுவதில்லை, எடுத்தது ஒலாஜுவானை என்பதால்.

இரண்டாவதாக நின்ற போர்ட்லண்டிடம் ஜோர்டன் ஆடுகிற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்: கிளைட் டிரெக்ஸ்லர். முந்தைய வருடம் 14ஆம் இலக்கத்தில் அவரை எடுத்ததே அவர்கள்தான். அப்படி எடுக்கத் தெரிந்தவர்களை மடையர் என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்குத் தேவைப்பட்டது வளையத்தடியில் நிற்கிற உயரமான ஆள், சாம் போவியை எடுத்தார்கள். என்னுடைய கோபம் வேறு இடத்தில். போவி கல்லூரியில் காலில் அடிபட்டு இரண்டு பருவம் முழுக்க ஆடாதவர். அந்தக் காலைப் பற்றி அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். ஜோர்டன் இவ்வளவு பெரிய ஆளாக வருவார் என்பது தெரியாமல் போனதை மன்னிக்கலாம், தெரிந்த காலை மறந்ததை மன்னிப்பது கஷ்டம். 23 வருடம் கழித்து அதே போர்ட்லண்ட் எடுத்த ஓடனும் முழங்காலால்தான் போனார். அவர்களுக்காக மொத்தம் 82 ஆட்டம் ஆடினார், அதாவது ஒரே ஒரு பருவத்தின் கணக்கு. அது முழுக்க அவர்கள் பிழையா என்றால், அங்கே எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: டென்வர் அணி நிகோலா யோகிச்சை 2014இல் 41ஆம் இலக்கத்தில் எடுத்தது திறமையா, அதிர்ஷ்டமா? (கிண்ணியா வாசகர்)

அதே இரவு டென்வர் கைக்கு இன்னொரு உயரமான பெடியனும் வந்தான். 16ஆம் இலக்கத்து யூசுப் நூர்கிச். யோகிச்சும் அதே இடத்தில் ஆடுகிறவர். யோகிச் இப்படி வருவார் என்று அப்போதைய முகாமையாளர் டிம் கொனலிக்கு உண்மையாகவே தெரிந்திருந்தால், இடையில் 24 பெயர் போகும்வரை காத்திருப்பாரா? எந்த அணியிலாவது ஒருவர் விழித்துக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆகவே மூன்று தரம் பெறுமதியான ஆட்டக்காரர் விருதும் 2023 கிண்ணமும் வரும் என்று அறிந்து எடுத்த ஆளல்ல அவர்.

ஆனால் அதிர்ஷ்டம் என்று மட்டும் சொன்னால் அதுவும் அநியாயம். சேர்பியாவுக்கு ஆள் அனுப்பிப் பார்க்காதவருக்கு அந்த அதிர்ஷ்டம் வரப்போவதில்லை. எடுத்த பிறகு ஒரு பருவம் அங்கேயே ஆட விட்டார்கள். பிறகு நூர்கிச்சை போர்ட்லண்டுக்குக் கொடுத்துவிட்டு இவருக்கு இடம் திறந்தார்கள். கிண்ணம் வந்தபோது கொனலி டென்வரில் இல்லை, முந்தைய வருடமே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். முகாமையாளருக்குப் புள்ளி போடுகிறவர்கள் குறைந்தது ஏழெட்டு வருடமாவது காத்திருக்க வேண்டியிருப்பது இதனால்தான். அணிச் சொந்தக்காரர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை, அது வேறு பிரச்சினை.

கேள்வி: ஊர் உலகத்து முகாமையாளருக்கெல்லாம் புள்ளி போடுகிறீர்கள் மாஸ்டர். நீங்கள் தெரிந்தெடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினார்கள்? (பாலையூற்று, ‘பழைய மாணவன்’)

கையெழுத்தைப் பார்க்க ஆள் யாரென்று விளங்குகிறது. இருக்கட்டும்.

பாடசாலை அணிக்குத் தெரிவு நடக்கிற ஒவ்வொரு பின்னேரமும் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். பெயர், உயரம், எடுத்தேனா விட்டேனா, ஏன். மூன்று கொப்பி சேர்ந்திருக்கிறது, ஒன்றின் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. உங்கள் கடிதம் வந்த பிறகு எடுத்து வாசித்தேன்.

ஓர் ஆடி மாதம். நாங்கள் ஆடிய கோர்ட் கடலுக்குக் கிட்ட, திறந்த வெளி. உப்புக் காற்றில் துருப்பிடித்த வளையம், தொட்டால் விரலில் செங்கல் தூள் போல ஒட்டும். ஒரு கட்டைப் பெடியன், ஐந்தடி நாலு இருப்பான், பத்துத் தரம் எறிந்தான். இரண்டு விழுந்தது. “எறி போதாது. விட்டேன்” என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில் 15 வயதுப் பெடியன் ஒருவன், ஐந்தடி பதினொன்று. “இன்னும் வளருவான். எடுத்தேன்.” அவன் வளரவில்லை. 18 வயதில் பாடசாலையை விட்டுப் போனபோதும் ஐந்தடி பதினொன்றுதான். தங்கமான பிள்ளை, இன்றைக்கும் கண்டால் சைக்கிளால் இறங்கி நின்று கதைப்பான். பந்துதான் அவனுக்குச் சரிவரவில்லை.

கட்டையன் வேறு பாடசாலைக்கு மாறினான். இரண்டு வருடம் கழித்துப் பங்குனியில், இலை அசையாத ஒரு பின்னேரம், எங்களுக்கு எதிராக ஆடினான். எங்கே நின்று எறிந்தாலும் விழுந்தது. ஆட்டம் முடிய வந்து கை தந்து, “சேர், அண்டைக்குக் கச்சான் காத்து” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஆடியில் அடிக்கிற அந்தக் காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே ஒரு பின்னேரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெடியனின் கையை அளந்திருக்கிறேன்.

இதைவிட வெட்கமான பக்கம் இன்னொன்று. மூதூரிலிருந்து வந்த ஒருவனை எடுத்திருக்கிறேன். காரணம்: “எல்லாருக்கும் முந்தி வந்து நிற்கிறான். ஒழுக்கம்.” நான் தெரிந்தவர்களில் அவன்தான் திறம். தன் ஆள் எங்கே ஓடி வருவான் என்று திரும்பிப் பாராமலே பந்தை அங்கே அனுப்புவான். பல வருடத்துக்குப் பிறகு அவனுடைய கலியாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் இந்த ஒழுக்கக் கதையை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை சிரித்தான். “மாஸ்டர், காலமை லோஞ்ச் அது ஒண்டுதானே. விட்டா மத்தியானம்தான்.”

எடுத்தது சரி. எடுத்த காரணம் லோஞ்ச் படகு ஓடுகிற நேரம். டென்வர் அலுவலகத்திலும் 2014ஆம் வருடத்துக் கொப்பி ஒன்று எங்கேயாவது கிடக்கும். யோகிச்சின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்குச் சரியான ஆசை.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பிள்ளை. வயது 13, உயரம் ஐந்தடி ஒன்பது. தர்ஜினி சிவலிங்கம் போல வருவாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வலைப்பந்துக்கு விடுவதா, கூடைப்பந்துக்கா? (நிலாவெளி, ஆசிரியை)

மேலே எழுதியதை வாசித்த பிறகும் உயரத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே ரீச்சர்!

தர்ஜினி ஆறடி பத்து. 2018இல் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது வளையத்தடியில் நின்றவர். ஆனால் அவர் உயரத்தோடு கையும் உள்ளவர். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, பட்டுத் தெறித்து விழும் என்று நம்பி எறிய முடியாது. இப்போதைக்கு இரண்டையும் ஆடட்டும். வளையம் இரண்டுக்கும் பத்தடியில்தான். கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழகினால் கால் வேகமாகும், வலைப்பந்தில் ஆடினால் நின்று நிதானமாக எறியப் பழகும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏற முன்னம், பிள்ளையைக் கூட்டி வாருங்கள். சப்பாத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காற்றடித்தால் அடுத்த சனியும் வரட்டும்.