எண்ணெய் தூக்கலா, காற்று தூக்கலா?

வாசகர் கேள்வி–பதில்: மோட்டார் பகுதி

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் ஒரே புலம்பல்தான்: மோட்டார் திக்குகிறது, குலுங்குகிறது, என்ன ஜெட் போடலாம், என்ன சிப் மாட்டலாம்? ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில். மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள், எண்ணெய் என்றால் பெட்ரோல், தூக்கல் என்றால் அளவுக்கு அதிகம். ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது கார்பரேட்டர் வைத்த பழைய ஹோண்டா இஎக்ஸ்5. செம்பனைக் காட்டுக்குள் இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது முன்னும் பின்னும் இழுக்கிறது. பெரிய ரோட்டில் வேகமாகப் போனால் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் மெயின் ஜெட்டை இரண்டு நம்பர் ஏற்றச் சொல்கிறார். ஏற்றலாமா?
– தோட்ட வாசகர், பீடோர்

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் வேகத்தில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை.

கார்பரேட்டர் ஒரே குழாய் அல்ல. கைப்பிடியை முறுக்க முறுக்க ஆள் மாறும். முதல் கால் முறுக்கு வரை ஸ்லோ ஜெட்டும் பக்கத்திலுள்ள காற்றுத் திருகும் ஆட்சி செய்யும். காலிலிருந்து முக்கால் வரை, கைப்பிடியோடு ஏறி இறங்கும் ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எனவே கோளாறு எந்த முறுக்கில் வருகிறது என்று தெரியாமல் எந்த ஜெட்டையும் வாங்கக் கூடாது. கைப்பிடி ரப்பரில் ஒரு துண்டு வெள்ளை டேப், சுவிட்ச் பெட்டியில் ஒரு துண்டு ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போடுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில் ஒருமுறை ஓட்டினால், இழுப்பது எந்தக் கோட்டில் என்று தெரிந்துவிடும்.

உங்கள் மோட்டார் கால் கோட்டுக்குக் கீழேதான் இழுக்கும். காரணம் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் அடைப்பு. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கார்பரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல ஒன்றை விட்டுச் செல்லும். ஸ்லோ ஜெட்டின் துளை மிகச் சின்னது. கேஹின் கார்பரேட்டரில் 35 என்று பொறித்திருந்தால் துளை சுமார் 0.35 மில்லிமீட்டர். அதை அடைக்கக் கொஞ்சம் பிசின் போதும். கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். பிரேக் கம்பி இழையை விட்டுக் குத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விடுங்கள். 0.35 துளை 0.37 ஆனாலே வழி சுமார் 12 விழுக்காடு பெரிதாகிவிடும். பிறகு என்ன திருகினாலும் எண்ணெய் தூக்கலாகவே இருக்கும்.

சுத்தம் செய்து பூட்டிய பின் காற்றுத் திருகை வையுங்கள். முதலில் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் வைத்தது அடுத்த நாள் பொய்யாகிவிடும். திருகை மெல்ல உள்ளே முழுக்கத் திருகுங்கள். அழுத்தி இறுக்கினால் முனை நசுங்கும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே விடுங்கள். இனி கால் சுற்று, கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, எஞ்சின் தானாக வேகமெடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேகம் கூடிவிட்டதால் ஐட்லிங் (கைப்பிடியை முறுக்காமல் ஓடும் வேகம்) திருகால் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்றுக்கு இறக்குங்கள். மறுபடியும் காற்றுத் திருகு, மறுபடியும் ஐட்லிங். இரண்டு மூன்று தடவையில் நிலைப்படும். அரைச் சுற்றுக்குள்ளேயே நல்ல இடம் கிடைத்தாலோ, மூன்று சுற்றுக்கு மேல் விட்டும் கிடைக்காவிட்டாலோ, ஸ்லோ ஜெட் நம்பர் பொருந்தவில்லை, அல்லது எங்கோ காற்று கசிகிறது. கசிவைப் பிடிப்பது எளிது: ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் கொஞ்சம் கிளீனர் அடியுங்கள். வேகம் மாறினால் ஓ-ரிங் போய்விட்டது.

எதற்கும், கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் செயினைப் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆடினாலோ, பின்சக்கரத்துக்குள் இருக்கும் குஷன் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, நீங்கள் எழுதிய அதே இழுப்பு வரும். வால்வு இடைவெளியும் குளிர்ந்த எஞ்சினில் 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எண்ணெய்–காற்றுக் கலவையின் மேல் போடப்படும் பழியில் பாதி இந்த மூன்றுக்கும் உரியது.

கேள்வி: அண்ணே, கார்பரேட்டர் வைத்த யமஹா 135எல்சியில் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரும், திறந்த சைலன்சரும் போட்டேன். இப்போது அரை முறுக்கில் செத்துப் போகிறது, கைப்பிடியை விட்டால் பட்பட் என்று வெடிக்கிறது. நண்பன் அவனுடைய ஹோண்டாவிலிருந்து ஒரு மெயின் ஜெட் தந்தான். போட்டும் சரியாகவில்லை.
– வாசகர், தாப்பா

பதில்: இரண்டு கோளாறுகள் ஒன்றாக இருக்கின்றன.

முதலில் ஜெட். கேஹின் மெயின் ஜெட்டின் நம்பர் ஏறக்குறைய துளையின் அளவு. இன்னொரு கார்பரேட்டர் நிறுவனமான மிகுனியின் நம்பர் எண்ணெய் ஓடும் அளவைக் குறிப்பது. ஒரே நம்பர் பொறித்திருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல, மரையும் ஒத்துவராமல் போகலாம். உங்கள் கார்பரேட்டரில் எழுதியிருக்கும் பெயருக்கே ஜெட் வாங்குங்கள்.

அடுத்தது காற்று. ஃபில்டரும் சைலன்சரும் திறந்ததும் காற்று கூடிவிட்டது, எண்ணெய் பழைய அளவிலேயே நிற்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று போதும். முழு முறுக்கில் நல்ல இழுவைக்குக் காற்று 12.5 முதல் 13 வரை இருந்தால்தான் சரி. உங்களுடையது இப்போது காற்றுத் தூக்கல். மெயின் ஜெட்டை ஒரே தாவலாகத் தாவாமல் ஒரு படி ஏற்றுங்கள், முழு முறுக்கில் சோதியுங்கள், தேவையானால் அடுத்த படி. அதன் பிறகு ஊசி: அதன் தலைப்பக்கம் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி மேலேறும், நடு முறுக்கில் எண்ணெய் கூடும். கடைசியில் ஸ்லோ ஜெட்டும் காற்றுத் திருகும். கைப்பிடியை விட்டதும் வெடிப்பது ஸ்லோ ஜெட் பக்கத்துப் பற்றாக்குறை. சைலன்சர் கழுத்தில் கேஸ்கெட் கசிந்தாலும் அதே சத்தம் வரும், அதை முதலில் மாற்றுங்கள்.

சோதனைக்குப் புதிய பிளக் போடுங்கள். வண்டி இல்லாத நேரான பாதையில் மூன்றாம் கியரில் முழு முறுக்கில் கொஞ்ச தூரம் போய், கிளட்ச் பிடித்து அதே நொடியில் எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஐட்லிங்கில் ஓட்டி வந்து பார்த்தால் பிளக் வேறு கதை சொல்லும். நடுப் பீங்கான் பிஸ்கட் நிறமானால் சரி. கரிபோல் கறுத்தால் எண்ணெய் தூக்கல். வெள்ளை வெளேரென்று கொப்புளம் போலப் புள்ளிகள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். முழுச் சுமையில் அந்தச் சூடு பிஸ்டனைத் துளைக்கும்.

திறந்த ஃபில்டர் பற்றி என் கருத்து: தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் மோட்டாருக்கு அது ஆகவே ஆகாது. தூசி உள்ளே போனால் சிலிண்டர் தேயும், மழையில் தண்ணீரும் இழுக்கும். ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டினால் பாதி வேலை குறைந்துவிடும். சத்தமான சைலன்சருக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: இன்ஜெக்‌ஷன் மோட்டார், 150 சிசி. இணையத்தில் 30 வெள்ளிக்கு ஒரு சின்ன 'பவர் சிப்' விற்கிறார்கள். காற்று சென்சார் ஒயரில் மாட்டினால் எண்ணெய் கூடி மோட்டார் மென்மையாக ஓடும் என்கிறார்கள். உண்மையா?
– இளம் வாசகி, சுங்கை

பதில்: இவ்வகை சிப்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர்தான். கடையில் சில சென்.

அது செய்யும் தந்திரம் இது. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார், குளிர்ந்தால் மின்தடை கூடும் வகை. ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் மோட்டாரின் கணினிக்குக் காற்று குளிர்ந்திருப்பதாகத் தெரியும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறக்கும். வெளியே 32 டிகிரி, கணினிக்குத் தெரிவது 15 டிகிரி என்றால் சுமார் 6 விழுக்காடு எண்ணெய் கூடும். கணக்கு வரை சரி.

ஆனால் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் உள்ள மோட்டாரில், சீரான வேகத்தில் போகும்போது அந்தச் சென்சார் புகையை மோப்பம் பிடித்து, 'எண்ணெய் கூடிவிட்டது, குறை' என்று சொல்லும். கணினி குறைத்துவிடும். அதாவது நீங்கள் மென்மையை எதிர்பார்க்கும் அதே மெதுவான ஓட்டத்தில் ரெசிஸ்டர் தந்ததைச் சென்சார் பிடுங்கிக்கொள்ளும். முழு முறுக்கில் கணினி அந்தச் சென்சாரைக் கேட்பதில்லை. அங்கே கூடுதல் எண்ணெய் அப்படியே நிற்கும். ஆனால் அங்கே தொழிற்சாலையே ஏற்கெனவே தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறது. வேண்டாத இடத்தில் வாரி இறைத்து, வேண்டிய இடத்தில் கைவிரிக்கும் சாதனம். மிச்சம் கறுத்த பிளக்தான்.

குறைந்த சுற்றில் மெல்லக் குலுங்குவது இன்ஜெக்‌ஷன் மோட்டாரில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எண்ணெயைச் சிக்கனமாக வைத்ததாலும் வரலாம். அதைத் திருத்த இன்ஜெக்டருக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் ஃபூயல் கண்ட்ரோலர் வேண்டும். சுற்றுக்கும் முறுக்குக்கும் தனித்தனியாக எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் வகையாகவும், திருத்தும் பகுதியில் ஆக்சிஜன் சென்சார் குறுக்கிடாதபடி ஒழுங்கு செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். டைனோவில் (இழுவையை அளக்கும் உருளை மேடை) ஏற்றி, எண்ணெய்–காற்று அளவைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்த்துத்தான் எண் போட வேண்டும். காதால் கேட்டு 'ஒரு மூணு கூட்டலாம்' என்பவரிடம் கொடுக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் அது போய்விடலாம்.

அதற்கும் முன்பு: காற்று நுழையும் வாயான திராட்டல் பாடியில் கறுப்புப் படலம் இருந்தால் துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள், நிறுத்துத் திருகைத் தொடாதீர்கள். கைப்பிடி கேபிளின் ஆட்டம் அதிகமிருந்தால் அதையும் சரியாக வையுங்கள். இந்த வேலைக்குப் பிறகும் குலுங்கினால் மட்டும் கண்ட்ரோலர்.

கேள்வி: ரோன்97 ஊற்றினால் திக்கல் நிற்குமா?
– வாசகர், சுங்கை

பதில்: நிற்காது. ரோன் எண், எஞ்சினில் தட்டலை (கலவை நேரம் தவறி வெடிப்பதை) பெட்ரோல் தாங்கும் சக்தியைக் காட்டுவது. எண்ணெய்–காற்று அளவு அதனால் மாறாது. ரோன்95 போதும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் மிச்சப்படும் காசுக்குப் புதிய ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

கேள்வி: தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும்போது என் கார்பரேட்டர் காப்சாய் (சின்ன மோட்டார்) வழியிலுள்ள ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் மூச்சு முட்டுகிறது. சின்ன ஜெட் போட்டுக்கொண்டு கிளம்பலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் பகுதியைவிட 15, 16 விழுக்காடு குறைவு. அதனால் போகும் இழுவையை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. ஆனால் கார்பரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, அந்த மூச்சுமுட்டலைக் குறைக்கலாம்.

ஒருநாள் பயணத்துக்கு ஜெட் மாற்ற வேண்டாம். ஊசியில் பல பள்ளங்கள் இருந்தால் ரிங்லெட்டில் நிறுத்தி, கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டுங்கள். ஊசி இறங்கி நடு முறுக்கில் எண்ணெய் குறையும். ஒரே பள்ளம் உள்ள ஊசி என்றால் அதை விட்டுவிடுங்கள், ஐட்லிங்கை மட்டும் கால் சுற்று ஏற்றி, ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். புறப்படும் முன் சோக் போட்டபடி இல்லாமல் முழுதாக விடுபட்டிருக்கிறதா, ஏர் ஃபில்டரில் தூசி இல்லையா என்று பாருங்கள். கீழேயே சற்று எண்ணெய் தூக்கலாக இருந்த மோட்டார்தான் மேலே போய்த் திணறும்.

கிளிப்பை மாற்றியிருந்தால், தாப்பாவுக்கு இறங்கியதும் நெடுஞ்சாலை ஏறும் முன்னர் பழைய பள்ளத்துக்கே திருப்பி மாட்டுங்கள். மலைக்கு வைத்த கலவையில் கீழே வேகமாக ஓட்டினால் எண்ணெய் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.