‘உடைத்தது நீங்கள்தான்’ என்று சர்வீஸ் சென்டர் சொன்னால்...

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால், டி.வி.யில் இணைத்து விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருந்தோம். சொன்னபடி எட்டு மாதங்களுக்கு முன்பு, உள்ளூர்க் கடையொன்றில் ஏறத்தாழ 50,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கினோம். ஓராண்டு வாரண்டி உண்டு. சென்ற மாதம் திடீரென்று டி.வி.யில் படம் வருவது நின்றுவிட்டது. கன்சோலில் விளக்கு எரிகிறது, உள்ளே விசிறியும் சுற்றுகிறது. கோவையில் உள்ள சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தோம். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, “எச்.டி.எம்.ஐ. போர்ட் (டி.வி.க்குப் போகும் கேபிளைச் சொருகும் துளை) உடைந்திருக்கிறது, இது உங்கள் கையாளலால் வந்தது, வாரண்டியில் வராது, மதர்போர்டை (உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகையை) மாற்ற 19,000 ரூபாய் ஆகும்” என்கிறார்கள். கடைக்காரரோ, விற்றதோடு தம் பொறுப்பு முடிந்துவிட்டது என்கிறார். எங்கள் தெருவில் மொபைல் பழுது பார்க்கும் தம்பி 2,500 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். தான் எதையும் உடைக்கவில்லை என்று மகன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு தாய், ஈரோடு

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தம்பியிடம் கன்சோலைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வேலை தெரியாதவர் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த நிலையில் அந்தக் கன்சோல் வெறும் பழுதான பொருளாக இல்லாமல், உங்கள் தரப்புக்கான ஒரே சாட்சியாகவும் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

சர்வீஸ் சென்டர் உங்களிடம் சொன்னது அனைத்தும் தொலைபேசியில் சொல்லப்பட்டிருக்கிறது. வாரண்டி தொடர்பான தகராறுகளில் வாய்மொழிக்கு மதிப்புக் குறைவு. எனவே கன்சோலைத் திரும்ப வாங்கும் முன்பாக, எந்தப் பகுதியில் என்ன சேதம், அது கையாளலால் வந்தது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்ற இரண்டையும் எழுத்தில், சேதத்தின் ஒளிப்படத்தோடு, ஜாப் ஷீட்டின் (பொருளை ஒப்படைத்தபோது அவர்கள் பதிவு செய்து தந்த தாளின்) எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பல இடங்களில் இந்த ஒரு கோரிக்கையிலேயே பேச்சின் தொனி மாறிவிடும். “பிசிகல் டேமேஜ்” என்று தொலைபேசியில் சொல்வதற்கு இரண்டு சொற்கள் போதும். ஆனால் அதையே கையெழுத்தோடு எழுதித் தரும்போது யாராவது ஒருவர் அந்தப் போர்ட்டை உண்மையிலேயே உற்றுப் பார்த்தாக வேண்டும்.

நீங்களும் பாருங்கள். கன்சோல் கைக்கு வந்ததும், மொபைல் விளக்கை அடித்து அந்தப் போர்ட்டின் உள்ளே நோக்கினால், நடுவில் ஒரு கறுப்பு நாக்கும் அதன் மேலும் கீழுமாக மயிரிழை போன்ற பொன்னிறக் கம்பிகளும் தெரியும். அவை மொத்தம் 19. எல்லாம் ஒரே சீராக, சீப்பின் பற்களைப் போல வரிசையாக இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று மடங்கியிருந்தாலோ, நாக்கு ஒருபுறம் சாய்ந்திருந்தாலோ, வெளியுறை விரிந்திருந்தாலோ, எங்கோ ஒருமுறை கேபிள் தவறான கோணத்தில் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் இருட்டில் கையை நீட்டித் தடவித் தடவிச் சொருகும்போதும், விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் அவசரத்தில் கேபிளைக் கழற்ற மறந்து கன்சோலை இழுக்கும்போதும் நிகழ்வது இதுதான். உங்கள் மகன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சேதம் நிகழும்போது செய்தவருக்கே தெரியாமல் போவதுண்டு.

கம்பிகள் மடங்கியிருந்தால், என் நேர்மையான கருத்து, வழக்குக்குப் போகாதீர்கள் என்பதே. வெளியிலிருந்து வந்த சேதம் பொதுவாக எந்த நிறுவனத்தின் வாரண்டியிலும் சேர்வதில்லை. அதற்காக 19,000 ரூபாய் கொடுக்கவும் தேவையில்லை. போர்ட்டை மட்டும் மாற்றுவது நுண்ணோக்கியும் சூடான காற்றுக் கருவியும் வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவரால் செய்யக்கூடிய வேலைதான். நிறுவனத்தின் மையங்கள் தனி உதிரிப்பாகத்தை மாற்றாமல் பலகையையே மாற்ற விரும்புவதால்தான் அந்தத் தொகை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. உங்கள் தெருத் தம்பியிடம், இதற்கு முன் கன்சோல் போர்ட் மாற்றியிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். மொபைல் சார்ஜிங் போர்ட் மாற்றிய பழக்கம் இதற்கு முழுமையாகப் போதாது, ஏனென்றால் கன்சோலின் பலகை தடிமனானது, வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டால் பலகையிலுள்ள தகடுகள் உரிந்துவிடும்.

கம்பிகள் அனைத்தும் நேராக இருந்தால் கதை வேறு. வேறு கேபிள், வேறு டி.வி. ஆகியவற்றில் சோதித்தும் படம் வரவில்லையென்றால், போர்ட்டுக்குப் பின்னால் படத்தை அனுப்பும் சில்லோ (சிப்), மின்சாரம் தரும் பகுதியோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சர்வீஸ் சென்டரின் கூற்றை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. போர்ட்டின் உள்பக்கம் தெளிவாகத் தெரியும்படி நான்கைந்து படங்கள் எடுத்து, கன்சோலின் தொடர் எண்ணும் தெரியும் ஒரு காணொளியும் எடுத்து, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். “ஜாப் ஷீட்டில் கண்டுள்ள சேதம் இணைத்துள்ள படங்களில் இல்லை, எனவே மறு ஆய்வு செய்து வாரண்டியின் கீழ் பழுதுநீக்கித் தருமாறும், மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்” என்று இரண்டே வரி போதும். அழுகை, ஆத்திரம், மகனின் மதிப்பெண் எதுவும் அதில் வேண்டாம்.

பதில் வரவில்லை அல்லது மறுப்பு வந்தது என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அது நீதிமன்றம் அல்ல, யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனால் நிறுவனத்தின் உள்ளே வேறொரு மேசைக்கு உங்கள் கோப்பு போய்ச் சேரும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கோவைக்கோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் உள்ள ஊருக்கோ அலைய வேண்டியதில்லை. பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

கடைக்காரர் சொன்னது சரியல்ல. புகாரில் தயாரிப்பு நிறுவனத்தோடு, விற்ற கடையையும் சர்வீஸ் சென்டரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். கடையின் பெயர் அந்தத் தாளில் ஏறியதும், நிறுவனத்தின் பகுதி விற்பனை அதிகாரியின் எண் அவரிடம் இருந்தது அவருக்கு நினைவு வந்துவிடும்.

ஆணையத்தின் முன் பொருளில் குறைபாடு இருக்கிறதா என்பது ஆய்வு செய்தால் மட்டுமே தெரியும் என்ற நிலை வந்தால், அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கான தொகையைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்னது பொருந்துகிறது. நடுவில் வேறொருவர் திறந்து, போர்ட்டைப் பிடுங்கி, புதியதை ஒட்டிவிட்டால், ஆய்வகம் எதைப் பார்க்கும்? ஆகவே 2,500 ரூபாயில் பழுதுநீக்கிக்கொள்வது, வழக்காடுவது என்ற இரண்டில் ஒன்றை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒருசேரச் செய்ய முயன்று இரண்டையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மற்றொன்று, வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. கடிதப் போக்குவரத்திலேயே அது கடந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம். பழுதைத் தெரிவித்த நாள் ஜாப் ஷீட்டில் பதிவாகியிருப்பதுதான் முக்கியம். எனவே அந்தத் தாளைக் கன்சோலைவிடப் பத்திரமாக வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஓராண்டில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும் என்பதால், இன்றே அதைப் படமெடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: என் கன்சோல் வாரண்டி முடிந்து ஒரே மாதத்தில் செத்துவிட்டது. ஒரு மாதம் முன்பு நின்றிருந்தால் இலவசம், இப்போது 22,000 ரூபாய் என்பது என்ன நியாயம்? வாரண்டி தாண்டிய பிறகு எந்த நிறுவனமாவது இறங்கி வந்ததுண்டா?

– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வந்ததுண்டு. 2005 இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கன்சோலில், முன்பக்கத்தில் மூன்று சிவப்பு விளக்குகள் மின்னி கன்சோல் நின்றுபோகும் பழுது உலகமெங்கும் பரவலாக வந்தது. சூடேறுவதும் ஆறுவதுமாக மாறி மாறி நிகழ்ந்ததில் உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. 2007 ஜூலையில் அந்த நிறுவனம், குறிப்பாக இந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. முன்பே பணம் கட்டிப் பழுதுபார்த்தவர்களுக்கும் தொகையைத் திருப்பித் தந்தது. ஒருவருடைய கன்சோல் மட்டும் நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்பதை நீங்களும் ஊகிப்பீர்கள். ஒரே மாதிரி விளக்குகள், ஒரே அடையாளம், ஆயிரக்கணக்கான வீடுகள் என்றானபோதுதான் “பயன்படுத்தியவர் தவறு” என்ற பதில் நிற்க முடியாமல் போனது.

உங்களுக்கும் அதுவே வழி. உங்கள் மாடலில் இதே பழுது மற்றவர்களுக்கும் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால், அதைச் சுட்டிக்காட்டி, வாரண்டி முடிந்து 30 நாள்தான் ஆகிறது என்பதையும் சொல்லி, கட்டணச் சலுகை கேட்டு எழுதுங்கள். நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகை குறைப்பது நிறுவனங்களுக்குப் புதிதல்ல; கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. சட்டப்படியும், வாரண்டி முடிந்த மறுநாளே எல்லாக் கதவும் அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் இது தயாரிப்பிலேயே இருந்த குறைபாடு என்று நிறுவும் சுமை அப்போது உங்கள் தோளுக்கு வந்துவிடுகிறது. 22,000 ரூபாய்க்காக அதைச் சுமக்கத்தான் வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

அதற்கு முன் ஒன்று. கன்சோல் எங்கே வைக்கப்பட்டிருந்தது? கண்ணாடிக் கதவு போட்ட டி.வி. அலமாரிக்குள் என்றால், பின்பக்கத் துளைகளை ஒரு முறை பாருங்கள். என் அக்கா மகனின் கன்சோல் இப்படித்தான் ஒரு சித்திரை மாதம் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது விசிறியின் இதழ்களில் பஞ்சுத் திரி போலத் தூசு படிந்திருந்தது. செலவு ஒரு பழைய ஓவியத் தூரிகையோடு முடிந்தது.

கேள்வி: துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த கன்சோலுக்கு இங்கே வாரண்டி செல்லுமா?

– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் செல்லாது. கன்சோல்களின் வாரண்டி, விற்கப்பட்ட நாட்டோடு கட்டுப்பட்டிருப்பதே வழக்கம். மாமா அடுத்த முறை திரும்பிப் போகும்போது பில்லோடு கொடுத்தனுப்புவதுதான் செலவில்லாத வழி. சென்னையில் வெளிநாட்டுச் சரக்கு விற்கும் கடைகளில் வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆனால் கடைக்காரர் பில்லில் “ஆறு மாதம் கடை வாரண்டி” என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வாக்கு அந்தக் கடையைக் கட்டுப்படுத்தும். பில்லே தராமல் முத்திரை குத்திய விசிட்டிங் கார்டை மட்டும் நீட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலரின் (கையில் பிடித்து விளையாடும் கருவியின்) குச்சியிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் கதாபாத்திரம் தானாக ஒருபக்கம் நடந்துகொண்டே போகிறது. கன்ட்ரோலரைச் சர்வீசுக்குக் கொடுத்தால் கன்சோலிலுள்ள விளையாட்டுச் சேமிப்புகள் அழிந்துவிடுமா?

– பள்ளி மாணவி, திருச்சி

பதில்: அழியாது, சேமிப்புகள் கன்சோலில்தான் இருக்கின்றன, கன்ட்ரோலரில் இல்லை. எனவே கன்ட்ரோலரை மட்டும் கொடுங்கள், “எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்” என்றாலும் கன்சோலை எடுத்துப் போகாதீர்கள். நீ சொல்வது “டிரிஃப்ட்” எனப்படும் தேய்மானம், பாப்பா. குச்சியின் அடியிலுள்ள மெல்லிய தடத்தில் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருப்பதால், நாளடைவில் நடுநிலை எது என்பதே அதற்கு மறந்துவிடுகிறது. நின்டெண்டோ நிறுவனத்தின் ஜாய்கான் கன்ட்ரோலர்களில் இந்தப் புகார் பெருகி, அதன் தலைவர் 2020 இல் வருத்தம் தெரிவித்தார். 2023 இல், வாரண்டி முடிந்தாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இலவசமாகச் சரிசெய்து தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. நமக்கு அந்த வசதி இல்லாததால், வாரண்டி இருக்கும்போதே கொடுத்துவிடு. அப்பாவின் பெயரில் பில் இருந்தால் அவரையும் கூட அழைத்துப் போ.