வெள்ளிப் போர் விமானம் கறுத்தால் மெருகு போடலாமா?

கேள்வி: நான் குளச்சலில் வசிக்கிறேன். விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தை விட்டுச்சென்ற வெள்ளி சுகோய்-30 எம்கேஐ மாதிரி (1:144 அளவு) கறுத்துவிட்டது. நகைக்கடையில் கொடுத்து மெருகு போடலாமா? அது அசல் வெள்ளிதானா?

பதில்: மெருகு போடக் கொடுக்க வேண்டாம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிவதால் படியும் வெள்ளி சல்பைடுதான் அந்தக் கறுப்பு. கடற்கரை ஈரம் அதை விரைவுபடுத்துகிறது. ஆனால், இத்தகைய மாதிரிகளில் தகட்டு இணைப்புக் கோடுகளும் எஞ்சின் முனைகளும் எடுப்பாகத் தெரிவதற்காகச் செய்தவரே கறுப்பேற்றியிருப்பதும் உண்டு. அசல் விமானத்தின் 21.9 மீட்டர் நீளம் இங்கே சுமார் 15 சென்டிமீட்டராகச் சுருங்கியிருப்பதால், அக்கோடுகள் மயிரிழை அளவே இருக்கும். கடையின் மெருகுச் சக்கரம் கறுப்போடு அவற்றின் கூர்மையையும் தேய்த்துவிடும். சேகரிப்பாளர்கள் எடையை விட அந்த நுணுக்கத்துக்கே விலை கொடுக்கிறார்கள்.

குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்ப்பதும் கீறலையே உண்டாக்கும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் இட்ட வெந்நீரில் முக்கும் முறை சாதாரணப் பாத்திரங்களுக்கு ஏற்றதே என்றாலும், அது வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பையும் நீக்கிவிடும். உள்ளீடற்ற வார்ப்பாக இருந்தால் இணைப்புகள் வழியே உள்ளே புகும் நீர் வெளியேறாமல் தங்கிவிடும். வெள்ளிக்கான மென்துணியால் மேற்பரப்பை மட்டும் அழுத்தாமல் துடையுங்கள். பச்சைப் படிவு தெரிந்தால், அது கலப்பிலுள்ள செம்பு உப்புக்காற்றில் அரிக்கப்பட்டதன் அடையாளம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றியெடுத்து, உடனே உலர்த்துங்கள்.

முலாமும் கறுக்கும் என்பதால், கறுத்திருப்பதைக் கொண்டு அசல் வெள்ளி என்று முடிவு செய்ய இயலாது. அடிப்பகுதியில் 925 என்ற முத்திரை உள்ளதா என்று பாருங்கள், 92.5 விழுக்காடு வெள்ளி, எஞ்சியது பெரும்பாலும் செம்பு என்பது அதன் பொருள். நாகர்கோவிலில் எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருப்பவரிடம் சோதிக்கலாம். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே அளப்பதால், இறக்கை விளிம்பு போன்ற தேய்ந்த இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். பீடத்தைக் கழற்றாமல் எடை போட்டு வெள்ளி மதிப்பைக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்; பல பீடங்கள் மரத்தால் ஆனவை.

சான்றிதழும் மூலப்பெட்டியும் இருந்தால் தனியே பாதுகாத்து வையுங்கள். மாதிரியை இறுக மூடும் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றவோ ரப்பர் வளையம் போடவோ வேண்டாம். குறிப்பாக ரப்பர் வளையத்திலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோட்டைப் பதித்துவிடும். நம் மாவட்டத்தில் இரு பருவமழைகளும் பெய்வதால், ஜூனிலும் அக்டோபரிலும் சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள்.