வென்டிலேட்டரில் இருப்பவரை முழு மயக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 68 வயதான அவருடைய தந்தை நிமோனியாவுக்காக வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். மயக்க மருந்தைக் குறைத்ததும் குழாயைப் பிடுங்கப் பார்த்தவர், பெற்ற மகனையே யாரோபோல் பார்த்தாராம். இப்போது இரண்டு நாட்களாக அமைதியாகப் படுத்திருக்கிறாராம். இந்த அவஸ்தைக்கு, மறுபடி ஆழ்ந்து தூங்க வைக்கச் சொல்லலாமா?

கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் கண்டது மனநோய் அன்று. நோய்த்தொற்றாலும் மருந்துகளாலும் தூக்கம் கெடுவதாலும் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் டெலிரியம் எனும் குழப்பநிலையாக இருக்கக்கூடும். திமிறுபவரை எல்லோரும் கவனிக்கிறோம். சத்தமில்லாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம் என்பது எளிதில் தவறிவிடுகிறது. எனவே அந்த அமைதியை நலம் என்று எண்ணிவிடாமல், டெலிரியம் பரிசோதனை செய்தார்களா என்று செவிலியரிடம் கேளுங்கள். வாயில் குழாய் இருந்தாலும் தடையில்லை: எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லிக் கவனத்தை அளந்துவிடுவார்கள்.

மயக்கம் ஆழமாக ஆக, வென்டிலேட்டரை விட்டு வெளிவருவதும் தாமதமாகும். 2000-இல் வெளியான சிகாகோ ஆய்வொன்றில், மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி நோயாளியை விழிக்கச் செய்தபோது, வென்டிலேட்டர் காலத்தின் இடைநிலை அளவு 7.3 நாட்களிலிருந்து 4.9 நாட்களாகக் குறைந்தது. அதனால்தான் இன்று முதலில் வலியைத் தணித்து, பிறகு கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கு மட்டும் மயக்கம் தருகிறார்கள். மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் உடலில் தேங்கிக் குழப்பத்தைக் கூட்டக்கூடும் என்பதால், புரோபோஃபால் அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் விரும்பப்படுகிறது. முன்னது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், பின்னது இதயத் துடிப்பையும் மந்தமாக்கும். நுரையீரல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தாலோ வலிப்பு ஓயாவிட்டாலோ ஆழ்ந்த மயக்கமே தேவைப்படும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குழப்பத்துக்கென்று ஹாலோபெரிடால் எனும் மனநோய் மருந்தைக் கொடுத்தால் அது சீக்கிரம் தீரும் என்பதை 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மெய்ப்பிக்கவில்லை.

அதைவிட, அவருடைய மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் உதவும். அவை பெரும்பாலும் வீட்டுப் பீரோவிலேயே கிடக்கும். பார்வை நேரத்தில் அருகில் நின்று, இன்று என்ன கிழமை, இது வேலூர் ஆஸ்பத்திரி, பேசுவது இன்னார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று: தந்தைக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் இருந்திருந்தால், உறவினர் முன் கூச்சப்பட்டு மறைக்காமல், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மருத்துவரிடம் தனியே சொல்லிவிடுங்கள். குடியை நிறுத்தியதால் வரும் குழப்பத்துக்கு, மேலே தவிர்க்கச் சொன்ன மிடசோலம் வகை மருந்தே சிகிச்சையாகிறது.