துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது? யூத மரபிலிருந்து சில பதில்கள்

நான் ரபி, அதாவது யூத மத குரு, அல்ல. மிஷ்னா (யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பு), தல்மூத் (அதன்மேல் ரபிகள் நடத்திய விவாதங்கள்) ஆகிய நூல்களை ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டு, பல வருடமாகத் தொடர்ந்து படித்து வருகிறவன். கஷ்ட காலத்தில் யூத மரபு என்ன வழி காட்டுகிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் "கடவுள் தனக்குப் பிடித்தவர்களைத்தான் சோதிப்பார்" என்கிறார்கள். கேட்கும்போதே நெஞ்சு எரிகிறது. யூத மதமும் இதைத்தான் சொல்கிறதா?

அப்படி ஒரு கருத்து அங்கேயும் உண்டு அம்மா, மறைக்க மாட்டேன். தல்மூதின் முதல் பகுதியான பெரகோத்தில், ஐந்தாம் ஏட்டில், இறைவன் அன்பினால் தரும் துன்பங்களைப் பற்றி ரபிகள் நீளமாக விவாதிக்கிறார்கள். விவாதம் நடக்கும் அதே ஏட்டில் ஒரு சம்பவம் வருகிறது. ரபி ஹியா பர் அப்பா நோயில் படுத்திருக்கிறார். ரபி யோஹனான் பார்க்க வந்து, "இந்தத் துன்பம் உமக்குப் பிரியமானதா?" என்று கேட்கிறார். "இதுவும் வேண்டாம், இதற்குக் கிடைக்கும் பலனும் வேண்டாம்" என்கிறார் நோயாளி. யோஹனான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "கையைக் கொடும்" என்று பிடித்து எழுப்பிவிடுகிறார்.

பிறகு யோஹனானே நோயில் விழுகிறார். ரபி ஹனினா வருகிறார். அதே கேள்வி, அதே பதில், அதேபோல் கை கொடுத்து எழுப்புகிறார். அடுத்தவரை எழுப்பத் தெரிந்தவர் தானாக எழுந்திருக்கக் கூடாதா என்று தல்மூதே கேட்டு, "கைதி தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது" என்று முடிக்கிறது. இந்த யோஹனான் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பத்தாவது பிள்ளையின் எலும்பு ஒன்றைக் கூடவே வைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவருக்கும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

உங்களிடம் அப்படிப் பேசுகிறவர்களை நேரடியாகவே தடுக்கும் விதியும் உண்டு. நோயில் இருப்பவரிடம், பிள்ளையைப் புதைத்தவரிடம், வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் "உன் பாவத்தால்தான் இது" என்கிற மாதிரி அவன் நண்பர்கள் பேசியதுபோலப் பேசக் கூடாது, அது சொல்லால் செய்யும் கொடுமை என்கிறது தல்மூதின் பாவா மெட்சியா பகுதி. யோபு நூலின் கடைசியில் கடவுளே அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். உங்கள் நெஞ்சு எரிவதில் தப்பே இல்லை.

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் யூதத் தோழியின் அப்பா இறந்துவிட்டார். "ஷிவா இருக்கிறோம், வா" என்றாள். போனால் எப்படி நடந்துகொள்வது?

கட்டாயம் போங்கள். ஷிவா என்பது அடக்கம் முடிந்து ஏழு நாள் வீட்டிலேயே துக்கம் இருப்பது. குடும்பத்தார் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். உடையில் ஒரு கிழிசல் தெரியும், அது வேண்டுமென்றே கிழித்தது. கண்ணாடிகளை மூடி வைத்திருப்பார்கள். கதவு பெரும்பாலும் தாழிடாமல் இருக்கும், மணி அடிக்காமல் உள்ளே போகலாம்.

போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது தல்மூத் விதி. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்களே, அதை வைத்து வந்தது. அந்த ஏழு நாளும் அவர்கள் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அவள் பேச ஆரம்பித்தால் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். ரபி யோஹனான் பென் சக்காய் (மேலே சொன்ன யோஹனான் அல்ல, வேறொருவர்) தன் மகனை இழந்தபோது நான்கு சீடர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆதாமும் யோபுவும் ஆரோனும் தாவீதும் பிள்ளையை இழந்து தேறவில்லையா என்றார்கள். "என் துக்கம் போதாதென்று அவர்கள் துக்கத்தையும் ஞாபகப்படுத்துகிறாயா?" என்று கேட்டார் அவர். ஐந்தாவது சீடர் வந்து, அரசன் கொடுத்துவைத்த பொருளைப் பழுதில்லாமல் திருப்பித் தந்ததுபோல என்று தொடங்கி, அந்த மகன் என்னென்ன படித்தான், எவ்வளவு சுத்தமாக வாழ்ந்தான் என்று பேசினார். அதில்தான் தகப்பனுக்கு ஆறுதல் கிடைத்தது.

சாப்பாடு கொண்டுபோவதானால் கோஷர் (யூத உணவு விதிப்படி ஆனது) முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலம், இல்லையென்றால் பழம். பூ வேண்டாம். வெள்ளி மாலையிலிருந்து சனி மாலைவரை யூதர்களின் ஓய்வுநாள், அப்போது போகாதீர்கள். நம் ஊரில் துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவோம். அங்கே ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

கேள்வி: கடவுள்மேல் கோபப்படலாமா?

படலாம். வேதத்தில் சங்கீதம் என்ற துதிப்பாடல் தொகுப்பு இருக்கிறது. "ஏன் உறங்குகிறீர்?" என்று சங்கீதம் 44 கடவுளைக் கேட்கிறது. சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது, கடைசியில் ஓர் ஆறுதல் வரிகூடக் கிடையாது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: நாளைக்கு அம்மாவின் பயாப்சி ரிசல்ட் வருகிறது. நல்லபடியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன். சரிதானே சார்?

உங்கள் தவிப்பு புரிகிறது. மிஷ்னா ஓர் உதாரணம் சொல்கிறது. வழியில் வரும் ஒருவன் ஊருக்குள் கூக்குரல் கேட்டு, "என் வீட்டில் இருக்கக் கூடாது" என்று வேண்டினால் அது வீண் வேண்டுதல், ஏனென்றால் நடந்தது நடந்துவிட்டது. ரிசல்ட்டும் அப்படித்தான். இனி வரப்போவதற்கு வேண்டுங்கள்: சிகிச்சை பலிக்க, அம்மாவுக்குத் தெம்பு வர, உங்களுக்கு நிதானம் இருக்க. அதற்கு எல்லையே கிடையாது. சாகக் கிடந்த எசேக்கியா ராஜா, கழுத்தில் கூரிய வாள் இருந்தாலும் இரக்கம் கேட்பதை விடக் கூடாது என்று சொன்னதாகத் தல்மூதில் இருக்கிறது. அப்புறம், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் மீள முடியவில்லை. "போதும், எவ்வளவு நாள்தான்" என்கிறார்கள்.

சட்டப்படி பார்த்தால் உடன்பிறந்தவருக்குத் துக்கம் முப்பது நாள். பெற்றோருக்குப் பன்னிரண்டு மாதம். அளவுக்கு மீறி வருந்தக் கூடாது, உலக வழக்கம் இதுதான் என்று தன் சட்டத் தொகுப்பில் எழுதியவர் மைமோனிடிஸ். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், பெரும் அறிஞர்.

அவருடைய தம்பி தாவீது வியாபாரத்துக்குப் போகும் வழியில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். குடும்பத்தின் பணமும் அவரோடு போய்விட்டது. சேதி வந்த அன்று படுத்தவர் ஏறக்குறைய ஒரு வருடம் எழுந்திருக்கவில்லை, காய்ச்சலும் மனச்சோர்வும். எட்டு வருடம் கழித்து ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதும்போதும், இன்னும் துக்கமாகத்தான் இருக்கிறேன், தம்பியின் கையெழுத்தைப் பார்த்தால் நெஞ்சு புரள்கிறது என்கிறார். முப்பது நாள் என்று எழுதிய கைதான் இதையும் எழுதியது. அந்தக் கணக்கு, சவரம் செய்யாமல் இருப்பது, விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பது போன்றவற்றுக்கு. மனதுக்கு யாரும் தேதி குறிக்கவில்லை. அவரும் எழுந்து நோயாளிகளைப் பார்த்தார், பெரிய நூல்கள் எழுதினார். துக்கமும் கூடவே இருந்தது.

கேள்வி: தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை. மாத்திரை வேண்டாம், சங்கீதம் படித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உயிரைக் காப்பது ஓய்வுநாள் சட்டத்தையே தள்ளிவைக்கும் கடமை; மருத்துவர் குணப்படுத்த, மோசேயின் வேதமான தோராவே அனுமதி தந்திருக்கிறது என்பது ரபிகளின் தீர்ப்பு. எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றவர்தான். வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். மனநல உதவிக்கு, இந்தியாவில் இருந்தால் டெலி மானஸ் எண் 14416, இலங்கையில் 1926. எந்த நேரமும் பேசலாம்.

கேள்வி: வேலை போய்விட்டது. உதவி வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

உதவி இல்லாமல் வாழ முடியாத நிலையில் கௌரவம் பார்த்து மறுப்பவர் தன் உயிருக்கே கேடு செய்கிறார் என்கிறார் அதே மைமோனிடிஸ். தர்மத்தில் அவர் வகுத்த எட்டுப் படிகளில் உச்சியில் இருப்பது கடன் கொடுப்பது, கூட்டு சேர்ப்பது, வேலை தேடித் தருவது. பணமாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் வேலையாகக் கேளுங்கள்.

கேள்வி: மகன் போன வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். சந்தோஷமாகச் செய்யலாமா?

செய்யுங்கள். எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு, இனி கறியும் திராட்சை மதுவும் தொடமாட்டோம் என்று சிலர் ஒதுங்கினார்கள். துக்கமே காக்காமல் இருக்க முடியாது, அளவுக்கு மீறிக் காக்கவும் முடியாது என்றார் ரபி யெஹோஷுவா. வீட்டைப் பூசிக்கொள், கொஞ்சம் மட்டும் பூசாமல் விடு என்பது அன்று சொன்ன வழி. வாசலுக்கு எதிரே ஒரு முழத்துக்கு ஒரு முழம். கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பதும் அந்த ஆலயத்தின் நினைவாகத்தான். உடைந்த மறுநொடி பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிடும். உங்கள் மகன் பெயரை மண்டபத்தில் ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு மகளோடு சிரியுங்கள்.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சங்கீதம் 13. ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. பிறகு யோபு, அப்புறம் மிஷ்னாவில் இருக்கும் பிர்கே அவோத், ரபிகளின் அறிவுரைகள் அடங்கிய பகுதி. தல்மூதைத் தனியாக எடுக்காதீர்கள், இரண்டு பேராக உட்கார்ந்து விவாதித்துப் படிப்பதே அங்கே வழக்கம். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு செபாரியா தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.