சமையல் சந்தேகங்கள்: சீசன் பழமும் பச்சைக் கீரையும்

கேள்வி: சீசனில் நன்றாகக் கனிந்த பழங்களாகப் பார்த்து வாங்கி ஜாம் கிளறினேன். ஒரு மணி நேரம் ஆகியும் இறுகவில்லை. நிறம் மட்டும் கறுத்துவிட்டது. என்ன காரணம்?

பதில்: கனிவு கூடியதுதான் காரணம். ஜாமை இறுக வைப்பது பழத்திலுள்ள பெக்டின். பழம் கனியக் கனிய அது சிதையும், புளிப்பும் குறையும். எனவே முக்கால் பங்கு பழமும் கால் பங்கு செங்காயுமாக எடுங்கள். ஒரு கிலோ பழத்துண்டுகளுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு.

முதலில் பழத்தை மட்டும் வேகவிடுங்கள். தோல் குழைவதற்குள் சர்க்கரையைக் கொட்டினால், தோல் பிறகு எவ்வளவு நேரமானாலும் விறைப்பாகவே நிற்கும். சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டி, வாயகன்ற பாத்திரத்தில் மளமளவென்று கொதிக்க வேண்டும். சிறு தீயில் நெடுநேரம் கிளறுவதால்தான் இருக்கிற பெக்டினும் உடைந்து நிறம் கறுக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு கிலோ பழத்துக்கு மேல் வேண்டாம்.

தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி செல்சியஸில் இறக்குங்கள். இல்லையென்றால், ஃப்ரீசரில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். பதம் தவறுவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

கேள்வி: அன்றே பறித்த கீரைகூட வெந்ததும் பழுத்த நிறமாகிறது. சமையல் சோடா போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நிறம் நிற்கும், ஆனால் கீரை கொழகொழத்து, வைட்டமின் சி-யும் அழியும். மூடி போடுவதே தவறு. இலையிலிருந்து ஆவியோடு எழும் அமிலம் மூடியில் பட்டுத் திரும்பவும் கீரையிலேயே விழுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. திறந்த பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்கும் நிறைய தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். புளியோ எலுமிச்சையோ பரிமாறும்போதுதான். பீன்ஸுக்கும் இதே முறைதான். அதில் புளிப்பை முன்னதாகச் சேர்த்தால் நிறம் போவதோடு காயும் சீக்கிரம் வேகாது.

கேள்வி: கொத்தமல்லி, புதினா சேர்த்தும் மணமே வருவதில்லையே?

பதில்: கொதிக்கும்போது போட்டிருப்பீர்கள். மெல்லிய இலைகளின் மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு சேர்த்து மூடுங்கள். தண்டை மட்டும் முதலிலேயே நறுக்கிப் போடலாம். ரோஸ்மேரி, தைம் போன்ற கெட்டியான இலைகள் நேர்மாறு, ஆரம்பத்திலிருந்தே வேகட்டும்.