கொறுக்காய்ப்புளி மாத்திரை வேண்டாம் தங்கச்சி

8 மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, கூடிய 12 கிலோவைக் குறைக்கக் கொறுக்காய்ப்புளி மாத்திரை வாங்கலாமா, இரவுச் சாப்பாட்டை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். மீன்கறிக்கு நாம் போடும் கொறுக்காய் வேறு, அதன் சாரத்தைச் செறிவாக்கிய மாத்திரை வேறு. அதை விழுங்கிச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. எடையும் பெரிதாகக் குறைவதில்லை. பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஆபத்து எதற்கு?

நாளுக்கு 5 தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் 2 தேக்கரண்டி சீனி என்று எழுதினீர்களே, நான் முதலில் கைவைப்பது அங்கேதான். கிட்டத்தட்ட 40 கிராம் சீனி, 160 கலோரி! கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். அப்புறம் இரவுப் பிட்டு. அதை விட வேண்டாம், பாதியாக்கிவிட்டு முருங்கையிலை வறையையும் மீனையும் கூட்டுங்கள். பசி அடங்கும், பாலும் குறையாது.

பின்னேரம் கல்லடிக் கடற்கரைப் பக்கம் 30 நிமிடம், கிழமைக்கு 5 நாள் நடந்தால் போதும். மணலில் கால் சீக்கிரம் களைக்கும், முதல் மாதம் ரோட்டிலேயே நடங்கள்.

கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்லது. பால் குறைவதுபோலத் தெரிந்தாலோ, களைப்பு விடாமல் இருந்தாலோ கிளினிக்கில் சொல்லித் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.